டாஸ் புரோகிராம்களில் திரை எழுத்து ஊர்கிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழிகாட்டி

டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய கட்டளை வரி இயங்குதளம்) ஓடும் ஒரே பிசி எக்ஸ்டி (ஐபிஎம்மின் பழைய கணினி). ஒரு புரோகிராமில் பட்டியல் வரி வரியாக ஊர்ந்து இறங்குகிறது. அதை மூடிவிட்டு வேறொன்றைத் திறந்தால் திரை முழுவதும் சட்டென்று மாறுகிறது. ப்ராசசரும் அதே, வீடியோ கார்டும் அதே. ஆக, மெதுவாக இருப்பது இயந்திரமல்ல; எழுத்து புரோகிராமிலிருந்து திரைக்குப் போகும் பாதை.

அந்தப் பாதையில் எந்த இடத்தில் நேரம் போகிறது என்று தெரியாமல் கோடில் கைவைக்க வேண்டாம். "நேரே வீடியோ மெமரியில் எழுது" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் மருந்து. பாதி இடங்களில் அதற்குத் தேவையே இருக்காது; அதைவிடச் சின்ன மாற்றம் போதும். கீழே வரும் முகவரிகள், போர்ட் எண்கள், இன்டரப்ட் (டாஸையோ பயாஸையோ வேலைக்குக் கூப்பிடும் அழைப்பு) எண்கள், அவற்றின் செயல் எண்கள், பதிவகங்களில் வைக்கும் மதிப்புகள் எல்லாம் ஹெக்ஸில் (16ஐ அடியாகக் கொண்ட எண்முறையில்) உள்ளவை.

பாதை எப்படிப் போகிறது

80 நெடுவரிசை, 25 வரி என்றால் 2000 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட். மொத்தம் 4000 பைட்தான். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் 8088 ப்ராசசர், 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. அதில்கூட ஒரே ஒரு ரெப் மூவ்ஸ்டபிள்யூ கட்டளை 2000 வேர்டுகளை (ஒரு வேர்டு இரண்டு பைட்) வேர்டுக்கு 25 கிளாக் (ப்ராசசரின் துடிப்பு) வீதம் நகர்த்திவிடும். அது 50,000 கிளாக், ஏறக்குறைய 10 மில்லி விநாடி. வீடியோ கார்டின் காத்திருப்பு இதற்கு மேல் கொஞ்சம் சேரும், அவ்வளவே. இந்த 10 மில்லி விநாடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

சாதாரணமாக எழுதிய சி புரோகிராமில் ஓர் எழுத்து போகும் வழியோ தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போன்றது. பிரிண்ட்எஃப் அதை நூலகத்திடம் தருகிறது. நூலகம் இன்டரப்ட் 21 வழியாக டாஸைக் கூப்பிடுகிறது. கன்ட்ரோல்-சி அழுத்தப்பட்டிருக்கிறதா என்று டாஸ் பார்த்துவிட்டு, கீபோர்டையும் திரையையும் கவனிக்கும் கான் டிரைவரிடம் தள்ளுகிறது. அந்த டிரைவர் இன்டரப்ட் 10இன் 0இ செயலைக் கூப்பிடுகிறது. பயாஸ் (கணினியின் ரோம் சில்லில் உள்ள அடிப்படை மென்பொருள்) அதற்குள் கர்சர் எங்கே என்று பார்த்து, எழுத்தை வைத்து, கர்சரை நகர்த்துகிறது. முதல் பிசியின் பயாஸில் இந்த மூன்றுமே மறுபடி இன்டரப்ட் 10 மூலமாகத்தான் நடக்கின்றன. இத்தனையும் ஒரே ஓர் எழுத்துக்கு!

படி 1: திரைதான் காரணமா?

புரோகிராமின் வெளியீட்டை, எதைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும் நல் சாதனத்துக்குத் திருப்பிவிட்டு ஓட்டுங்கள்: பெயருக்குப் பின் ஒரு பெருங்குறி, பிறகு நல். மூன்றில் ஒன்று நடக்கும்.

நேரம் வெகுவாகக் குறைந்தால் குற்றவாளி திரைதான்; எழுத்து டாஸ் வழியாகப் போகிறது என்பதும் உறுதி. நேரம் குறையாமல் திரையும் காலியாக இருந்தால் மெதுவாக இருப்பது கணக்கோ வட்டோ. இந்த வழிகாட்டி உங்களுக்கு உதவாது. திருப்பிவிட்ட பிறகும் எழுத்து திரையில் வந்துகொண்டே இருந்தால், புரோகிராம் டாஸைத் தாண்டி பயாஸையோ வீடியோ மெமரியையோ நேரே தொடுகிறது. அப்போது படி 5க்குப் போகலாம்.

இதில் ஓர் ஏமாற்று உண்டு. சில சி நூலகங்கள் வெளியீடு திரைக்குப் போனால் பஃபர் (எழுத்துகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் இடம்) இல்லாமலும், திருப்பிவிட்டால் பஃபரோடும் எழுதும். அதனால் மிச்சமான நேரம் முழுவதையும் திரையின் கணக்கில் போட்டுவிட முடியாது. நூலகத்தின் பங்கும் அதில் இருக்கும்.

படி 2: அளந்து பாருங்கள்

கண்ணால் பார்த்து "இப்போது வேகமாக இருக்கிறது" என்று சொல்வது நம்பத் தகுந்ததல்ல. 0040:006சி முகவரியில் பயாஸின் கடிகார எண்ணி இருக்கிறது, விநாடிக்கு 18.2 முறை கூடும். சோதனைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை படித்து, வித்தியாசத்தை 18.2ஆல் வகுத்தால் விநாடி கிடைக்கும். ஒரு டிக் 55 மில்லி விநாடி என்பதால் சோதனை குறைந்தது 10 விநாடி ஓடவேண்டும். அப்போதுதான் பிழை ஒரு சதவீதத்துக்குள் அடங்கும்.

இரண்டு சோதனைகள் எழுதுங்கள். ஒன்றில் 79 எழுத்துள்ள வரியை அச்சிட்டு வரி மாற்றி, திரை உருள உருள ஓடட்டும். இன்னொன்றில் ஒவ்வொரு 24 வரிக்கும் கர்சரை மேல் இடது மூலைக்குக் கொண்டுபோய், உருளவே விடாமல் எழுதுங்கள். 80 அல்ல, 79: 80ஆம் எழுத்தை வைத்ததும் கர்சர் தானாக அடுத்த வரிக்குப் போய்விடும், அதன் மேல் நீங்கள் அனுப்பும் வரிமாற்றமும் சேர்ந்து இரட்டையாக உருளும். அளவு கெட்டுவிடும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உருட்டலின் செலவு. அது பெரிதாக வந்தால் படி 6. இரண்டுமே மெதுவென்றால் எழுத்துக்கு எழுத்து ஆகும் செலவுதான் பிரச்சினை; அடுத்த படியிலிருந்து தொடருங்கள்.

படி 3: செலவில்லாத திருத்தங்கள்

முதலில் புரோகிராம் எதை எழுதுகிறது என்று பாருங்கள். 10,000 பதிவுகளைப் படிக்கும்போது ஒவ்வொரு பதிவு எண்ணையும் திரையில் காட்டும் புரோகிராம்கள் ஏராளம். 100க்கு ஒருமுறை காட்டினால் போதும். பயன்படுத்துபவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. டிபேஸ் III பிளஸிலும் ஃபாக்ஸ்புரோவிலும் எழுதிய பில்லிங் புரோகிராம்களில் "செட் டாக் ஆஃப்" என்ற ஒற்றை வரி விட்டுப்போயிருப்பது வழக்கமான குறை. டாக் திறந்திருந்தால் ஒவ்வொரு கட்டளையின் விடையும் திரைக்கு வரும்.

சியில் புட்சார் மூலம் ஒவ்வொன்றாக அனுப்பினால், பஃபர் இல்லாத வெளியீட்டில் ஓர் எழுத்துக்கு ஒரு டாஸ் அழைப்பு. மெயினின் தொடக்கத்திலேயே, எதையும் அச்சிடும் முன், செட்விபஃப் கொண்டு ஸ்டாண்டர்டு வெளியீட்டுக்கு 4096 பைட் முழு பஃபர் கொடுங்கள். விலையும் உண்டு: கேள்வி கேட்டு விடைக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் எஃப்ஃபிளஷ் போடவேண்டும். இல்லையென்றால் கேள்வி பஃபரிலேயே தங்கிவிடும். பயன்படுத்துபவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

டர்போ பாஸ்கலில் இன்னும் எளிது. "யூசஸ் சிஆர்டி" இல்லாத புரோகிராமில் ரைட்எல்என் டாஸ் வழியாகப் போகிறது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் 4.0 பதிப்பிலிருந்து அது நேரே வீடியோ மெமரிக்கு எழுதும். பக்கவிளைவு என்னவென்றால் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்புவது நின்றுபோகும். அது வேண்டுமென்றால் அவுட்புட் மாறிக்கு வெற்றுப் பெயரை அசைன் செய்து ரீரைட் கொடுக்கவேண்டும். இன்னொரு தொல்லை: 200 மெகாஹெர்ட்ஸ் அளவிலான, அதற்கு மேற்பட்ட ப்ராசசர்களில் சிஆர்டி சேர்த்த பழைய புரோகிராம் தொடங்கும்போதே "ரன்டைம் எரர் 200" என்று விழும். டிலே செயலுக்காக ஆரம்பத்தில் செய்யும் அளவீட்டில் வகுத்தல் நிரம்பி வழிவதுதான் காரணம். திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

டர்போ சியில் பிரிண்ட்எஃப்பை சிபிரிண்ட்எஃப் ஆகவும், புட்ஸை சிபுட்ஸ் ஆகவும் மாற்றுங்கள். டைரக்ட்வீடியோ என்ற மாறி 1 ஆக இருந்தால் இவை பயாஸைத் தொடாமல் எழுதும்; 0 என்றால் பயாஸ் வழி. பழைய கோடில் யாரோ அதை 0 ஆக்கிவிட்டு மறந்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். சிபுட்ஸில் வரிமாற்றக் குறி மட்டும் போதாது, கேரேஜ் ரிட்டர்னும் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் வரிகள் படிக்கட்டு மாதிரி வலதுபுறம் சாய்ந்து இறங்கும்.

படி 4: டாஸை விடாமலே வேகமாக்குவது

வெளியீட்டைத் திருப்பும் வசதி போகக்கூடாது, ஆனால் வேகமும் வேண்டும் என்றால் ரா மோடுதான் வழி. சாதாரண நிலையில், 40 செயலுக்கு ஒரு பெரிய துண்டைக் கொடுத்தாலும் டாஸ் அதை எழுத்து எழுத்தாக உடைத்து, இடையிடையே கன்ட்ரோல்-சி பார்த்து, டேபை விரித்துத்தான் அனுப்பும். ரா மோடில் துண்டு அப்படியே டிரைவருக்குப் போகும்.

ப்ராசசரின் பதிவகங்களில் ஏஎக்ஸில் 4400, பிஎக்ஸில் 1 வைத்து இன்டரப்ட் 21ஐக் கூப்பிடுங்கள். டிஎக்ஸில் சாதனத் தகவல் வரும். அதன் 7ஆம் பிட் 1 ஆக இருக்கிறதா பாருங்கள். 0 என்றால் வெளியீடு கோப்புக்குப் போகிறது, எதையும் தொடாமல் விட்டுவிடுங்கள். 1 என்றால் அந்த மதிப்பைச் சேமித்துவைத்து, டிஎல்லில் 5ஆம் பிட்டை ஏற்றி, டிஹெச்சை 0 ஆக்கி, ஏஎக்ஸில் 4401 வைத்து மறுபடி கூப்பிடுங்கள். டிஹெச்சை 0 ஆக்க மறந்தால் டாஸ் பிழை திருப்பும். பலரும் சறுக்கும் இடம் இது.

கீபோர்டும் திரையும் ஒரே கான் சாதனம் என்பதால் ரா மோடு வாசிப்பையும் மாற்றிவிடும். டாஸ் தரும் பேக்ஸ்பேஸ் திருத்தம் கிடைக்காது. கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-எஸ் கேட்காது. ஆகவே பெரிய துண்டை எழுதும்போது மட்டும் ஏற்றி, முடிந்ததும் பழைய மதிப்பைத் திருப்பி வையுங்கள். பிழையால் புரோகிராம் நடுவில் வெளியேறும் வழிகளிலும் இதைச் செய்யவேண்டும்.

டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக் டாட் சிஸ் கோப்பில் ஆன்ஸி டாட் சிஸ் டிரைவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஒவ்வொரு எழுத்தையும் எஸ்கேப் வரிசையா (நிறம், கர்சர் இடம் போன்றவற்றை மாற்றும் குறித்தொடரா) என்று சோதித்துவிட்டு, பிறகும் பயாஸிடமே கொடுக்கிறது. புரோகிராமுக்கு எஸ்கேப் வரிசைகள் தேவையில்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். தேவையென்றால் என்ஆன்ஸி டாட் சிஸ் போன்ற மாற்று டிரைவரைப் போடுங்கள். அது வீடியோ மெமரியில் நேரே எழுதும். இதையும் ரா மோடையும் சேர்த்தால், கோடில் பெரிதாகக் கைவைக்காமலே கிடைக்கக்கூடிய மிகப் பெரிய லாபம் இதுதான்.

படி 5: நேரே வீடியோ மெமரி

முதலில் எங்கே எழுதுவது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊகிக்காதீர்கள். 0040:0049இல் மோடு எண் இருக்கிறது. 7 என்றால் எம்டிஏ அல்லது ஹெர்குலிஸ் போன்ற ஒற்றை நிற வீடியோ கார்டு, செக்மென்ட் (முகவரியின் முதல் பாதி) பி000. 0 முதல் 3 வரை என்றால் பி800. நெடுவரிசை எண்ணிக்கை 004ஏவில், திரையில் தெரியும் பக்கத்தின் தொடக்கம் 004இயில்.

இடம் காணும் வாய்ப்பாடு: வரியை 80ஆல் பெருக்கி, நெடுவரிசையைக் கூட்டி, 2ஆல் பெருக்கு. எண்ணிக்கை 0இல் தொடங்குகிறது. வரி 10, நெடுவரிசை 20 என்றால் 820 கட்டங்கள், 1640 பைட், ஹெக்ஸில் 668. அங்கே 0741 என்ற வேர்டை வைத்தால் கறுப்பில் சாம்பல் நிற ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ தெரியும்: கீழ் பைட் எழுத்து, மேல் பைட் நிறம். பி800:0668இல் டாஸோடு வரும் டீபக் கருவி கொண்டு இதைக் கையால் வைத்துப் பார்த்துவிட்டுக் கோடுக்குப் போங்கள். செக்மென்ட் தவறென்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

இங்கும் மெதுவாக எழுத முடியும். ஒவ்வொரு எழுத்துக்கும் வாய்ப்பாட்டை ஓட்டினால், 8088இல் 16 பிட் பெருக்கல் ஒன்றுக்கு 118 முதல் 133 கிளாக் போகும். எழுத்தை வைக்கும் செலவைவிடக் கணக்கின் செலவு பெரிது. வரிக்கு ஒருமுறை கணக்கிடுங்கள், அல்லது 25 வரிகளின் தொடக்கத்தையும் ஓர் அட்டவணையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தையும் நிறத்தையும் தனித்தனி பைட்டாக அல்ல, ஒரே வேர்டாக வையுங்கள்.

நேரே எழுதினால் கர்சர் நகராது; எழுதும்போது அது நல்லதே. வெளியேறும் முன் மட்டும் இன்டரப்ட் 10இன் 02 செயலால் கர்சரைக் கீழே கொண்டுபோய் விடுங்கள். இல்லாவிட்டால் டாஸின் சி டிரைவ் பிராம்ப்ட் உங்கள் பட்டியலின் நடுவில் போய் உட்காரும்.

பனி என்கிற தலைவலி

ஐபிஎம்மின் அசல் சிஜிஏ வண்ண வீடியோ கார்டில் 80 நெடுவரிசை மோடில் நேரே எழுதினால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் சிதறும். ப்ராசசர் தொடும் அதே கணத்தில் கார்டும் அதே மெமரியைப் படிக்க முயல்வதுதான் காரணம். 40 நெடுவரிசை மோடில் இது வராது; எம்டிஏவிலோ, சிஜிஏவுக்குப் பின் வந்த இஜிஏ, விஜிஏ கார்டுகளிலோ வராது.

தடுக்கும் முறை இது. 3டிஏ போர்ட்டைப் படியுங்கள். அதன் 0ஆம் பிட் 1 ஆக இருக்கும் நேரத்தில் தொட்டால் பனி தெரியாது. முதலில் அது 0 ஆகும்வரை காத்திருங்கள். பிறகு இன்டரப்ட்டுகளை நிறுத்தி, 1 ஆன உடனே ஒரு வேர்டை வைத்து, இன்டரப்ட்டைத் திறந்துவிடுங்கள். முதல் காத்திருப்பை விட்டுவிட்டால் இடைவெளியின் கடைசி நொடியில் பிடித்து, எழுதும்போது அது முடிந்துபோயிருக்கும். சிஜிஏவில் ஒரு கிடைவரிக்கு 63.7 மைக்ரோ விநாடி. அதில் கிடை இடைவெளி (எதுவும் வரையாமல் அடுத்த கிடைவரிக்குத் திரும்பும் நேரம்) 19. வரிக்கு ஒரு கட்டம் வீதம் 2000 கட்டங்களுக்கு 127 மில்லி விநாடி ஆகும். 10இலிருந்து 127க்கு ஏறிவிட்டது. அசல் சிஜிஏவில் சுத்தமான திரைக்கு இதுதான் விலை.

3டிஏவின் 3ஆம் பிட்டைப் பார்த்துச் செங்குத்து ரீட்ரேஸில் (திரையின் அடியிலிருந்து மேலே திரும்பும் நேரத்தில்) மொத்தமாக எழுதலாமே என்று தோன்றும். அப்போது கிடைப்பது 2.4 மில்லி விநாடி, 4.77 மெகாஹெர்ட்ஸில் மூன்று வரி எழுதலாம். 25 வரிக்கு ஒன்பது ஃபிரேம், 150 மில்லி விநாடி. ஆதாயம் ஒன்றுமில்லை. சின்னச் சின்ன மாற்றங்களுக்கு மட்டும் இது வசதி.

இந்தக் காத்திருப்பு தேவையே இல்லாத கார்டில் அதை விட்டுவைப்பதுதான் பிற்கால இயந்திரங்களில் அடிக்கடி காணும் குறை. விஜிஏவில் கிடைவரி 31.8 மைக்ரோ விநாடி. பனிச் சோதனையோடு முழுத் திரை எழுத 64 மில்லி விநாடி ஆகும், உள்ளே 486 இருந்தாலும் சரி. அதே கார்டு 16 பிட் ஸ்லாட்டில் காத்திருக்காமல் ஒரு மில்லி விநாடிக்குள் முடித்துவிடும். ப்ராசசரை மாற்றியும் வேகம் கூடவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே. டர்போ பாஸ்கலில் செக்ஸ்னோ மாறியை ஃபால்ஸ் ஆக்குங்கள். சொந்தக் கோடென்றால் ஏஹெச்சில் 12, பிஎல்லில் 10 வைத்து இன்டரப்ட் 10ஐக் கூப்பிடுங்கள்: பிஎல் மாறி வந்தால் இஜிஏவோ அதற்கு மேலோ இருக்கிறது, சோதனையை அணைக்கலாம். மாறாமல் 10 ஆகவே வந்து, மோடும் 7 இல்லையென்றால் சிஜிஏ என்று கொள்ளுங்கள். பல நகல் சிஜிஏ கார்டுகளில் பனி இல்லை. அதை மென்பொருளால் நம்பகமாக அறிய முடியாததால் பயன்படுத்துபவர் அணைக்க ஒரு சுவிட்ச் வையுங்கள்.

படி 6: உருட்டல்

திரை ஒரு வரி உருள 1920 கட்டங்களைப் படித்து மறுபடி எழுதவேண்டும். 8088இல் அதுவும் 10 மில்லி விநாடி. 1000 வரிப் பட்டியல் உருண்டால் உருட்டலுக்கே 10 விநாடி போய்விடும், எழுத்தை வைப்பதற்கு முன்பே. அசல் சிஜிஏவில் பயாஸ் உருட்டும்போது பனியை மறைக்கத் திரையையே கணநேரம் அணைக்கிறது; ஒவ்வொரு வரிக்கும் திரை மினுக்குவது அதனால்தான்.

எளிய தீர்வு உருட்டாமலிருப்பது: பக்கம் நிறைந்ததும் துடைத்து மேலிருந்து எழுதுங்கள். உருண்டே ஆகவேண்டுமென்றால், 06 செயலில் ஏஎல்லுக்கு 1க்குப் பதில் 8 கொடுங்கள். எட்டு வரிக்கு ஒரே நகர்த்தல்.

இன்னும் வேண்டுமென்றால் தரவை நகர்த்தாமல், கார்டு எங்கிருந்து காட்டத் தொடங்குகிறது என்பதை நகர்த்தலாம். 3டி4 போர்ட்டில் 0சி, 0டி பதிவகங்கள் தொடக்க இடத்தைக் கட்டங்களில் வைத்திருக்கின்றன, பைட்டில் அல்ல. 80 கூட்டினால் ஒரு வரி உருண்டுவிடும். புது வரியை மட்டும் எழுதினால் போதும். சிஜிஏவின் 16 கிலோபைட்டில் 102 வரி அடங்கும். ஆக 77 வரிக்கு ஒருமுறைதான் திரையை மெமரியின் தொடக்கத்துக்கு நகலெடுக்க வேண்டும். எம்டிஏவில் 4 கிலோபைட் மட்டுமே என்பதால் இந்த வித்தை எடுபடாது. வெளியேறும் முன் பதிவகங்களை 0க்குத் திருப்புங்கள். தவறினால் டாஸ் எழுதுவது திரைக்கு வெளியே போய் விழும்.

படம், பெட்டி, பல ஜன்னல்கள் என்று திரையை அடிக்கடி மாற்றும் புரோகிராமுக்கு, சாதாரண மெமரியில் 4000 பைட் நகல் வைத்து அதிலேயே எல்லாவற்றையும் வரையுங்கள். வரிக்கு ஒரு கொடி என 25 கொடிகள். மாறிய வரிகளை மட்டும் திரைக்கு நகலெடுங்கள். வீடியோ மெமரியைப் படிப்பதை அறவே தவிர்க்கலாம். அதுவே பெரிய மிச்சம்.

படி 7: இயந்திரப் பக்கம்

எல்லாம் செய்தும் எதிர்பார்த்த எண் வரவில்லையென்றால் கேபினெட்டில் ப்ராசசர் வேகத்தை மாற்றும் டர்போ பட்டனைப் பாருங்கள். சிரிக்கவேண்டாம், அது அணைந்திருப்பது உண்டு. அடுத்து, மெமரியில் தங்கி ஓடும் சின்ன புரோகிராம்கள்: திரை மூலையில் கடிகாரம் காட்டுபவை, திரை காப்பான்கள் இன்டரப்ட் 10ஐப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்திலும் தலையிடும். எம்எஸ்-டாஸ் 6இல் தொடங்கும்போது எஃப்5 அழுத்தினால் எதுவும் ஏறாமல் வரும். பழைய டாஸில் வெறும் பூட் ஃபிளாப்பி போதும். அப்படித் தொடங்கிப் படி 2இன் சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.

386, 486இல் புரோகிராம் பயாஸ் வழி எழுதுகிறதென்றால், செட்டப்பில் வீடியோ பயாஸ் ஷாடோவைத் திறந்துவிடுங்கள். கார்டிலுள்ள ரோம் சில்லு மெதுவானது. அதைக் கணினியின் மெயின் மெமரிக்கு நகலெடுத்து அங்கிருந்து ஓட்டுவதுதான் ஷாடோ. நேரே எழுதும் புரோகிராமுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஈஎம்எம்386 என்ற மெமரி மேலாண்மை டிரைவர் ஏறியிருந்தால் ஒவ்வொரு இன்டரப்ட்டும் அதன் கையைத் தாண்டித்தான் போகும். இன்டரப்ட் நிறைந்த புரோகிராமில் அதை எடுத்துவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள்.

கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதும் கணக்கு. கார்டுகளை இணைக்கும் 8.33 மெகாஹெர்ட்ஸ் ஐஎஸ்ஏ பஸ்ஸில் 8 பிட் அணுகல் வழக்கமாக 6 கிளாக், 16 பிட் அணுகல் 3 கிளாக். 8 பிட் ஸ்லாட்டில் 4000 பைட்டுக்கு 2.9 மில்லி விநாடி. 16 பிட்டில் 2000 வேர்டுக்கு 0.72. நான்கு மடங்கு வித்தியாசம்தான், ஆனால் மூன்று மில்லி விநாடி கண்ணுக்குத் தெரியாது. திரை ஊர்வது கண்ணில் படுகிறதென்றால், புதுக் கார்டு வாங்குவதற்கு முன் படி 1க்குத் திரும்புங்கள்.

பழைய விண்டோஸுக்குள் டாஸ் ஜன்னலில் ஓட்டிப் பார்த்துவிட்டு மெதுவென்று சொல்லாதீர்கள். அங்கே ஒவ்வொரு எழுத்தையும் விண்டோஸ் கிராஃபிக்ஸாக வரைகிறது. ஆல்ட்-என்டர் அழுத்தி முழுத் திரைக்குப் போய் அளவிடுங்கள்.